மேக்கன் நகரத்துச் சகோதரர்கள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளர்ந்த ரொக் இசையைத் 'தென்னக ரொக்' எனத் தனியாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். அப்பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது ஒரு கொடி. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்பின் கொடியை, 1970களில் லினர்ட் ஸ்கினர்ட் குழுவினர் தமது மேடையின் பின்திரையாகத் தொங்கவிட்டிருந்தனர். ஆனால், அவர்களுக்கு முன்னரே இவ்விசைக்குப் பாதை சமைத்த குழுவின் வரலாறோ முற்றிலும் வேறானது.

ஓல்மன் சகோதரர்கள் இசைக்குழு 1969 மார்ச் மாதத்தில் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் உருவாயிற்று. கிட்டார் கலைஞர் டுவேன் ஓல்மன், பாடகரும் ஓர்கன் வாத்தியக் கலைஞருமான அவரது தம்பி கிரெக், மற்றொரு கிட்டாருக்கு டிக்கி பெட்ஸ், பேஸ் கிட்டாருக்கு பெரி ஓக்லி, ட்ரம்ஸ் வாசிக்க புட்ச் ட்ரக்ஸ், ஜெய்மோ என மொத்தம் அறுவர். இவர்களுள் ஜெய்மோ கறுப்பினத்தவர். ஓட்டிஸ் ரெடிங்கின் குழுவில் வாசித்தவர்.

விரைவிலேயே ஜோர்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் அறுவரும் குடியேறினர். பொது இடங்களில் இனஒதுக்கலைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் 1964 இல் நிறைவேறி ஐந்து ஆண்டுகளே கடந்திருந்தன. சட்டம் மாறிய வேகத்தில் மனங்கள் மாறிவிடவில்லை. அத்தகைய ஊரில் நீண்ட தலைமுடி வளர்த்த வெள்ளை இளைஞர்களும் கறுப்பினக் கலைஞர் ஒருவரும் ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாக உண்டு, ஒன்றாகப் பயணம் செய்தனர். கையில் காசில்லாத அந்நாட்களில் அவர்களுக்கு உணவளித்தவர், அங்கு உணவகம் நடத்திய லூயிஸ் ஹட்சன் என்ற கறுப்பினப் பெண்மணி. அவரை ஊரே 'அம்மா' என அழைத்தது.

இந்தக் கலப்பு அவர்களது இசையிலும் உண்டு. நியூயோர்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 1971 மார்ச்சில் ஒலிப்பதிவாகி, ஜூலையில் வெளிவந்த இரட்டை இசைத்தட்டே அதற்குச் சான்று. அதன் முதற் பாடல், ஜோர்ஜியாவின் பார்வையற்ற கறுப்பினக் கலைஞர் வில்லி மெக்டெல் 1928 இல் பதிவுசெய்தது. தடிமன் மாத்திரைப் போத்தலொன்றை விரலில் மாட்டி, அதைக் கிட்டார்த் தந்திகளின்மீது வழுக்கியபடி டுவேன் எழுப்பிய நாதம் மனிதக் குரலாகவே ஒலிக்கின்றது. பெட்ஸ் இயற்றிய 'எலிசபெத் ரீட்' என்ற வாத்திய இசையில் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் சாயலைக் காணலாம். இரு கிட்டார்கள் இணைந்து பாட, இரு ட்ரம்ஸ்கள் ஒன்றையொன்று தாங்கிச் செல்ல, எவரும் எவரையும் மறைக்காத அழகு அது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காத இசைத்தட்டு இதுவே.

அந்த வெற்றியை டுவேன் அதிக காலம் காணவில்லை. 1971 ஒக்டோபர் 29 அன்று மேக்கனில் நிகழ்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் மரணமானார். 1972 நவம்பர் 11 அன்று, அவ்விடத்திற்கு மிக அருகே, அதேபோன்ற விபத்தில் ஓக்லியும் பலியானார். இருவருக்கும் வயது 24.

எஞ்சியோர் ஓயவில்லை. 1973 இல் வட்கின்ஸ் கிளென் திடலில், வேறு இரு குழுக்களுடன் அவர்கள் நிகழ்த்திய கச்சேரிக்குத் திரண்டோர் சுமார் 6 இலட்சம் பேர் என மதிப்பிடப்பட்டது. இடையில் பிளவுகளும் போதைப்பழக்கமும் குழுவைச் சிதைத்தன. எனினும் மீண்டும் மீண்டும் ஒன்றுகூடி 2014 வரை இசைத்தனர்.

'தென்னக ரொக்' என்ற பெயரைக் கிரெக் ஏற்றதில்லை. ரொக் பிறந்ததே தெற்கில்தான், பின்னர் எதற்கு அந்த அடைமொழி என்பது அவரது வாதம். அது கறுப்பினத்தவரின் புளூஸிலிருந்து பிறந்தது என்பதை அவரது குரலே ஒப்புக்கொள்கின்றது.

'எலிசபெத் ரீட்' என்ற பெயரை, மேக்கனின் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்திலிருந்த ஒரு கல்லிலிருந்தே பெட்ஸ் எடுத்தார். டுவேனும் ஓக்லியும் துயில்வது அதே தோட்டத்தில். 2017 இல் கிரெக்கும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2024 இல் பெட்ஸும் மறைந்தபோது, அந்த அறுவரில் எஞ்சியவர் ஜெய்மோ ஒருவரே.