குரலை எதில் பிடித்து வைப்பது?



1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு சாட்சி குறைகிறது. மூத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்ய நம் மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். "எந்த ரெக்கோடர் வாங்குவது சேர்?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. விலையைப் பார்க்க முன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1877இல் எடிசன் குரலைப் பிடித்தார். 1906 தொடக்கம் 1909 வரை ஹிஜாஸில் கிராஅத்தும் பாட்டும் மெழுகு உருளைகளில் பதிவாயின. நெதர்லாந்து அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே சேர்த்த முந்நூறுக்கும் மேற்பட்ட உருளைகள் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஓர் உருளையில் சில நிமிடங்களே அடங்கும். ஒலிக்க ஒலிக்க மெழுகு தேயும்.

1951இல் குடெல்ஸ்கியின் நாக்ரா கருவி வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் பதியலாம், ஆனால் விலை அதிகம். 1963இல் பிலிப்ஸ் கசட்டைக் கொண்டுவந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் போன நம்மவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் குரலை அனுப்பியது அதில்தான். அந்தக் கசட்டுகள் இன்று அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன.

1992இல் சோனியின் மினிடிஸ்க் வந்தது. ஒலி தெளிவு. ஆனால் ஆரம்பகாலக் கருவிகளில் பதிந்ததைக் கணினிக்குக் கோப்பாக எடுக்க வழியில்லை. ஒரு மணி நேரப் பேச்சை மாற்ற ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். 2013இல் சோனி அந்தக் கருவியையே நிறுத்திவிட்டது.

கருவிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பிரதி எடுக்கப்பட்ட குரல்களே மிஞ்சின. எனவே கடையில் நாம் முதலில் கேட்க வேண்டியது, "பதிந்த குரலை இதிலிருந்து இலகுவாக வெளியே எடுக்கலாமா?" என்பதுதான்.

சுருக்காமல் வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். மெமரி காட்டைக் கழற்ற முடிய வேண்டும். வெளி மைக் செருகும் துளை வேண்டும். எந்தக் கடையிலும் கிடைக்கும் பெட்டரியில் ஓட வேண்டும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஒற்றை மைக் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 500 மெகாபைட் போதும். அதற்கு மேலான எண்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ரெக்கோடர் வாங்க முடியாவிட்டால் போனே போதும். அழைப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதில் பதிந்தாலும் அன்றிரவே வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகள் வையுங்கள். பதிவுக்கு முன் பெரியவரின் சம்மதத்தைக் கேளுங்கள்; யார் யார் கேட்கப் போகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நல்ல கருவிக்காகக் காத்திருக்கலாம். மூத்தம்மாவின் வயது காத்திருக்காது. இந்த வாரமே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.