முன்விருப்ப ஆவணம் பிறந்த கதை

நினைவிழந்து கிடக்கும்போது தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் யோசனையை 1969-இல் சொன்னவர் சிகாகோ வழக்கறிஞர் லூயிஸ் குட்னர். சாவின் விளிம்பில் இருப்பவர்களை மனத்தில் வைத்துச் சொன்னது அது. மனநோய்க்கு அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் தாமஸ் சாஸ். தெளிவாக இருக்கும் நாளில் ஒருவர் எழுதியதை, தெளிவு குலைந்த நாளில் மருத்துவர் மதிக்க வேண்டும் என்று 1982-இல் அவர் எழுதினார். மனநோய் என்பதே கிடையாது என்று வாதிட்டவர் சாஸ். அதை என்னால் ஏற்க முடியாது, அந்த வேதனை உண்மையானது. ஆனாலும் இந்த ஒரு யோசனைக்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1991-இல் மினசோட்டா மாநிலம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது.

இதை வெறும் சலுகையாக விட்டுவிடாமல் உரிமையின் பக்கம் நகர்த்தியது ஊனமுற்றோர் இயக்கம். 2006-இல் நிறைவேறிய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை உருவாக்கியபோது, மனநல சிகிச்சையை அனுபவித்தவர்களும் அந்த மேசையில் இருந்தார்கள். சட்டத்தின் முன் எல்லோரையும் போல முடிவெடுக்கும் தகுதி மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. படியேற முடியாதவருக்குச் சாய்தளம் கட்டித் தருவதுபோல, முடிவெடுக்கத் திணறுபவருக்குத் துணை செய்வது அரசின் கடமை ஆனது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று இந்த உடன்படிக்கையை ஏற்றது.

நமக்கு இந்த உரிமை எவ்வளவு அவசரத் தேவை என்பதற்குத் தமிழ்நாட்டின் ஏர்வாடியே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். வீட்டார் குணமாகட்டும் என்று கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களில் பலர். எங்கே இருக்க விரும்புகிறாய், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடம் கேட்கும் வழக்கமே அன்று இல்லை.

2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிகளை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்றது. அதன் 5-ஆம் பிரிவில்தான் நம் நாட்டில் முன்விருப்ப ஆவணம் பிறந்தது. எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது, தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று இதில் எழுதலாம். பேசுபவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நண்பரையும் குறிப்பிடலாம். முடிவெடுக்கும் திறன் குலைந்திருக்கும் காலத்தில் மட்டும் இது செல்லும். திறன் திரும்பியதும் அவர் வாய்ச்சொல்லே போதும். அவசரச் சிகிச்சையை இது தடுக்காது. மற்ற வேளைகளில் மருத்துவருக்கோ குடும்பத்துக்கோ இதில் உடன்பாடில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிட வேண்டும். தாங்களாக இதை ஒதுக்கிவிட முடியாது. இந்த ஆவணத்தின் உயிரே இந்த விதியில்தான் இருக்கிறது.

18 வயது நிறைந்த எவரும் இதை எழுதலாம். முன்பு நோய் வந்திருந்தாலும் தடையில்லை. ஒருவர் தெளிந்து வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டோடு இந்த ஆவணத்தைப் பற்றியும் எடுத்துச் சொல்லி, எழுதவும் பதிவு செய்யவும் ஒவ்வொரு மருத்துவமனையும் துணை நிற்க வேண்டும்.