பதிமூணும் சேராது, பதினாலும் சேராது

புல்லட் வாங்கிய முதல் மாதம் நான் செய்த முட்டாள்தனத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். 1984 மாடல், 350 சிசி, வலது பக்கம் கியர் உள்ள பழைய வார்ப்பிரும்பு இன்ஜின். ஒரு ஸ்டட்டில் நட் காணவில்லை. ஸ்டட்டை வெர்னியரில் அளந்தேன்: 7.9 மில்லிமீட்டர். சரி, எட்டு எம்எம்தான், தேய்ந்திருக்கும் என்று நானே முடிவுபண்ணி, ஹார்டுவேர் கடையில் எம்8 நட் வாங்கி மாட்டினேன். ஒரு சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில் இறுகியது. துரு என்று நினைத்து ஸ்பானர் போட்டு அமுக்கினேன். மூன்றாவது சுற்றில் 'நறுக்'.

படப்பையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. ஆறேழு பேர் கூடுவோம். கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், மீதிப் பேர் என்னைப் போல கம்ப்யூட்டர் ஆட்கள். எங்களுக்கெல்லாம் வாத்தியார் எழுபது தாண்டிய ஒரு மெக்கானிக் அண்ணன். ஸ்டட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "இஞ்சிங்களா, எம்எம்முங்களான்னு பாத்தீங்களா சார்?"

பார்க்கவில்லை. பி.இ. படித்தவன், பார்க்கவில்லை!

அது 5/16 அங்குல ஸ்டட். கட்டட வேலைக்காரர்கள் மொழியில் சொன்னால் இரண்டரை நூல் (எட்டு நூல் ஒரு இஞ்சு). மில்லிமீட்டரில் 7.94. எம்8-க்கும் இதற்கும் தடிமனில் வித்தியாசம் ஒரு முடி அளவுகூட இல்லை. ஆனால் மரை வேறு. என் ஸ்டட்டில் இஞ்சுக்கு 22 மரை, எம்8-இல் இருபதுக்குக் கொஞ்சம் மேல். மரையின் கோணமும் வேறு: இதில் 55 டிகிரி, அதில் 60. அதனால்தான் முதல் சுற்று ஏமாற்றும். இரண்டாவதில் ஒன்றை ஒன்று கடிக்க ஆரம்பிக்கும்.

ஸ்பானர் கதை இன்னும் மோசம். இந்த மரைக்கான நட்டின் அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர். பதிமூணாம் நம்பர் ஸ்பானர் உள்ளே போகாது. பதினாலு போகும், ஆனால் ஆடும். கொஞ்சம் பலம் கொடுத்தால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். பழைய புல்லட்களில் பாதி நட்டுகள் உருண்டையாக இருப்பது இந்தப் பதினாலால்தான். சரியான ஸ்பானரில் '1/4 W' என்று பொறித்திருக்கும். அது நட்டின் அகலமும் இல்லை, என் ஸ்டட்டின் தடிமனும் இல்லை! கால் இஞ்சு விட்வொர்த் போல்ட்டின் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர் என்று அர்த்தம். 5/16 பிஎஸ்எஃப் நட்டும் அதே அகலம் என்பதால் இதற்கும் அதுவே. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இந்த W யார்? ஜோசப் விட்வொர்த், மான்செஸ்டர்காரர். அவருக்கு முன் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடித்த மாதிரி மரை போட்டது. ஒரு பட்டறை போல்ட் இன்னொரு பட்டறை நட்டில் ஏறாது. அவர் பல பட்டறைகளிலிருந்து போல்ட்களைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து 1841-இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். 55 டிகிரி அங்கிருந்து வந்ததுதான். பிறகு 1908-இல் அதே கோணத்தில் நெருக்கமான மரை, பிஎஸ்எஃப். இதற்கு நடுவில் சைக்கிள்காரர்கள் 1902-இல் தங்களுக்கென்று தனி மரை போட்டுக்கொண்டார்கள். அதில் பெரும்பாலும் இஞ்சுக்கு 26. ராயல் என்ஃபீல்டின் வேர் ரெடிட்ச் என்ற ஊரில். ஊசி செய்து பிழைத்த ஊர் அது. கம்பெனி ஊசியில் தொடங்கி, சைக்கிளுக்குப் போய், 1901-இல் மோட்டார்சைக்கிளுக்கு வந்தது. அதனால் புல்லட்டில் சைக்கிள் மரையும் இருக்கிறது, விட்வொர்த் பரம்பரையும் இருக்கிறது.

திருவொற்றியூருக்கு எப்படி வந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. எல்லைக் காவலுக்கு ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். முதலில் பாகங்கள் வந்திறங்கின, இங்கே பூட்டினார்கள். 1957-இல் டூலிங்கும் கைமாறியது. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது.

நான் நிறுத்திப் பார்க்கும் இடம் அந்த 1957. அதே வருடம் ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. அணாவை விட்டோம். அளவைச் சட்டம் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. 1958-இலிருந்து சேரும் பவுண்டும் கிலோவுக்கு வழிவிடத் தொடங்கின. நாடே தசமத்துக்கு மாறும்போது, வடசென்னையில் ஒரு தொழிற்சாலை இஞ்சில் வரைந்த படங்களையும் இஞ்சில் வெட்டும் எந்திரங்களையும் இறக்கிக்கொண்டிருந்தது.

ரெடிட்ச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் மிச்சமிருந்த உற்பத்தியும் 1970-இல் நின்றது. இங்கே நிற்கவில்லை. 1977-இல் நம் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

இதை "இங்கிலாந்து மறந்ததை நாம் பாசத்தோடு காப்பாற்றினோம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. படிக்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு நம்பிக்கை இல்லை. மரையை மாற்ற வேண்டும் என்றால் டேப், டை, கேஜ், ஸ்பானர், வரைபடம், கிடங்கில் இருக்கும் ஸ்பேர் எல்லாம் மாற வேண்டும். போட்டி குறைவு, லைசென்ஸ் காலம், ராணுவமும் போலீசும் நிரந்தர வாடிக்கையாளர்கள். யார் மாற்றுவார்கள்? சாஃப்ட்வேரில் இருபது வருடப் பழைய கோடைத் தொடாமல் வைத்திருக்கிறோமே, பாசத்தாலா? தொட்டால் செலவு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சோம்பலின் புண்ணியத்தில்தான் ஒரு வருடத்து வண்டியின் பாகம் இன்னொரு வருடத்து வண்டிக்குச் சேர்ந்தது. புதுப்பேட்டையில் பழைய சாமான் பொறுக்கி ஒரு முழு வண்டியை எழுப்ப முடிந்தது. எம்எம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே வந்தது. என் வண்டியில் இரண்டும் கலந்து கிடக்கிறது. சில எம்எம் முந்தைய ஓனர்களின் கைங்கரியமாகவும் இருக்கலாம்.

ஷெட்டிலிருந்து ஒரகடம் சில கிலோமீட்டர். ராயல் என்ஃபீல்டின் ஆலை அங்கே 2013-இல் வந்தது. 2017-இல் பக்கத்து வல்லம் வடகாலில் இன்னொன்று. இப்போது வரும் வண்டிகள் மெட்ரிக். கியரும் இடது பக்கம் போய்விட்டது. அந்த ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு என் வண்டியிடம் வந்தால் என் 7.9 கதைதான்.

அண்ணன் என் ஸ்டட்டைச் சரிசெய்ததை எழுத வேண்டும். மரப்பெட்டியைத் திறந்து 5/16 பிஎஸ்எஃப் டையை எடுத்தார். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், மறுபடி அரைச் சுற்று. சிலும்பு கொட்டியது. நுனியில் மூன்று மரை போச்சு. மீதி நின்றது. சரியான நட்டை என் கையில் கொடுத்து, "விரலால போகணும் சார். கடைசி கால் சுத்துக்குத்தான் ஸ்பானர். அதுக்கு முன்னாடியே ஸ்பானர் கேட்டா அது தப்பான நட்" என்றார்.

அந்தப் பெட்டியை விற்கப்போவதாக அன்றைக்கே சொன்னார். கை நடுங்குகிறதாம். மகன் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் போகிறான், அவனுக்கு இது வேண்டாம். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிக்கொண்டோம். ஆனால் எந்த டை வண்டியில் எங்கே என்பது பெட்டியில் இல்லையே, அவர் தலையில்தானே இருக்கிறது. அதனால் ஞாயிறுதோறும் என் வண்டியை ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றுகிறோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச்சொல்ல நான் எக்செல்லில் ஏற்றுகிறேன்: இடம், தடிமன், இஞ்சுக்கு எத்தனை மரை, எந்த ஸ்பானர், ஒரிஜினலா மாற்றியதா.

கியர்பாக்ஸ் பக்கம் ஒரு போல்ட் மட்டும் எந்தக் கேஜிலும் உட்காரவில்லை. அண்ணன் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரோ லேத்துல கடைஞ்சது. நல்லா கடைஞ்சிருக்கான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த வரியில் 'லேத்' என்று மட்டும் போட்டு, போல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். விரலாலேயே போனது.