கேமரா ஏறாத ரயில்

ஒடுகத்தூரிலும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துச் சேரிகளிலும் பெரியவர்களிடம் சொந்தபந்தம் பற்றிக் கேட்டால், 'கோலாருக்குப் போனவங்க' என்று ஒரு கிளையைச் சொல்வார்கள். ஜோலார்பேட்டை, பங்காருபேட்டை, அங்கிருந்து மாரிக்குப்பம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்கத்தில் இறங்கிய பிறகு வடஆற்காட்டின் நிலமற்ற மக்கள் குடும்பம் குடும்பமாகப் போன வழி இது. பஞ்சம் விரட்டியது என்று எழுதுகிறார்கள். பண்ணையாள் வாழ்க்கையும் சேர்ந்துதான் விரட்டியது. சுரங்கத்துக்குள் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஆனால் கூலி காசாகக் கைக்கு வந்தது.

அந்தக் காசில் நம் மக்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழை வாங்கிப் படித்தார்கள். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை வைத்தார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார், 1920களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழனை' மறுபடி கொண்டுவந்தார். பண்டிதரின் நூல்கள் அங்கே அச்சேறின. 1930இல் கைரேகை வைக்கச் சொன்ன நிர்வாகத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளியைப் போலக் கை நீட்ட மாட்டோம் என்ற மானம் அதில் இருந்தது.

இவர்களைத் திரையில் தேடிப் பாருங்கள். 1952இல் 'பராசக்தி' ரங்கூனிலிருந்து ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்தது. அது பாரிஸ்டர் வீட்டுக் குடும்பம். கப்பலின் கீழ்த்தட்டில் போன கூலிகள் அந்தக் கதையில் இல்லை. 2018இலும் 2022இலும் வந்த 'கே.ஜி.எஃப்.' படங்கள் நம் தங்கவயலின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோயின. ஆனால் அதில் சுரங்கத் தொழிலாளி ஒரு வீரனுக்காகக் காத்திருக்கும் ஊமை அடிமை. சங்கம் கட்டியவன், பத்திரிகை நடத்தியவன் எங்கே போனான்? 2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' மிராசுதாரிடம் நிலம் பறிகொடுத்த வடஆற்காட்டுக் குடும்பத்திலிருந்து தொடங்கியது. அதற்காக நாம் கைதட்டினோம். பிறகு படம் மாயத்துக்குள் போய்விட்டது என்ற வருத்தமும் நமக்கு உண்டு.

போருக்குப் பிந்தைய இத்தாலியில் வேறு விதமாக நடந்தது. 1950இல் பியெத்ரோ ஜெர்மி எடுத்த 'நம்பிக்கையின் பாதை' சிசிலியில் மூடப்படும் கந்தகச் சுரங்கத்தில் ஆரம்பிக்கிறது. வேலை போனவர்கள் கையிலிருந்ததை விற்று ஏஜெண்டிடம் பணம் கட்டுகிறார்கள். அவன் ஏமாற்றுகிறான். பிரான்சுக்குப் பனிமலை ஏறிக் கடக்கிறார்கள். ஏஜெண்டிடம் ஏமாந்த கதை நமக்குப் புதிதா? 1960இல் விஸ்கோந்தி, தெற்கிலிருந்து மிலானுக்குப் பிழைக்க வந்த ஒரு தாயையும் ஐந்து பிள்ளைகளையும் காட்டினார். இப்படி வறுமையைத் திரையில் காட்டுவதை ஆட்சியாளர்கள் விரும்பவில்லை. 1952இல் டி சிகாவின் 'உம்பெர்தோ டி' படத்தை, நாட்டின் பெயரைக் கெடுப்பதாக அரசாங்கத்தைச் சேர்ந்த ஆந்த்ரேயோட்டியே கண்டித்தார். இருந்தும் இத்தாலி தன் முகத்தை அந்தப் படங்களில்தான் பார்த்துக்கொண்டது. சாதி மட்டும் அங்கே கூடவே ரயிலேறவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. ஜெர்மி படத்தின் முதல் காட்சி அன்று நம் வீட்டு வாசலில் நடந்தது, எடுக்க ஆளில்லை. அதன்பின் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய், இரவு லைன் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். சயனைடு மண்மேட்டின் தூசி அங்கே இன்னும் பறக்கிறது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் சிலர் இருமலோடு இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மாணவத் தோழர்களே, உங்கள் கையில் இருக்கும் போனில் கேமரா இருக்கிறது. மாரிக்குப்பத்துக்கு டிக்கெட் விலையும் அதிகமில்லை.