கொழுந்துக்கும் முற்றலுக்கும் ஒரே விலை: சிறு மின்னணு இசை லேபிள்களின் நெருக்கடி

டெல்லியின் கில்லா ரெக்கார்ட்ஸ், பெங்களூரின் கன்சாலிடேட், கொழும்பின் ஜம்புடெக் ரெக்கார்டிங்ஸ் எனத் தெற்காசியாவில் மின்னணு இசைக்கென்றே தோன்றிய சிறு லேபிள்கள் பல. பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் கைக்காசு போட்டு, பகல் வேலைக்குப் பிறகு உட்கார்ந்து நடத்துபவை இவை. இவற்றில் நீண்ட நாள் தாக்குப்பிடிப்பவை ஏன் சிலவாக மட்டுமே இருக்கின்றன என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். ஒன்று, இந்த இசையைக் கேட்க ஆள் இல்லை. மற்றொன்று, ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் தரும் பங்கு குறைவு. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டுமே மூலக் காரணத்தைத் தொடவில்லை என்பது என் வாதம். சிக்கல் பங்கின் அளவில் இல்லை, பங்கு பிரிக்கப்படும் முறையில் இருக்கிறது. இசைத் துறையில் பதினைந்து ஆண்டுகளாகப் புதிதாகத் தெரியும் இந்தச் சிக்கல், நீலகிரித் தேயிலைக்காரர்களுக்கு மிகப் பழையது.

ஊட்டியிலிருந்து பைக்காரா சாலையில் போய்ப் பிரிந்தால் கிளென்மார்கன். அங்கே கண்ணுக்கு முதலில் படுவது பெருந்தோட்டம். மாவட்டத்தின் தேயிலைப் பொருளாதாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு, ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுடையது. அவர்களுக்குச் சொந்தமாகத் தொழிற்சாலை கிடையாது. பறித்த இலையைச் சாக்கில் கட்டிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவருகிறார்கள். தராசில் மாட்டி எடை பார்க்கிறார்கள். மழை நாளென்றால் ஈரத்துக்கென்று சில கிலோ கழிக்கிறார்கள். சீட்டு எழுதித் தருகிறார்கள். சீட்டில் எடை இருக்கும், விலை இருக்காது. விலை பின்னால் வரும். 2003-ன் தேயிலைச் சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணையின்படி, விற்பனைத் தொகையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு. ஏலத்தின் சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலை விலையை அறிவிக்கிறது.

நூற்றுக்கு 65 என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சராசரியின் 65. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளியவரின் சாக்கும், கத்தரி வைத்து முற்றிய இலையோடு அறுத்தவரின் சாக்கும் ஒரே குவியலில் கொட்டப்படுகின்றன. கவனமாகப் பறித்தவருக்குக் கிடைக்கும் ஒரே பரிசு, குறைந்த எடை. நீலகிரியில் கிள்ளிப் பறிப்பது அருகிப்போனதற்குக் கூலியாள் தட்டுப்பாடும் காரணம்தான். ஆனால் தரத்துக்கு விலை வைக்காத சராசரி, அந்த மாற்றத்தை எதிர்க்க ஒருவருக்கும் காரணம் மிச்சம் வைக்கவில்லை.

ஸ்பாட்டிஃபையும் தன் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இசை உரிமையாளர்களுக்குத் தருவதாகச் சொல்கிறது. தேயிலையின் 65-க்கு மிக அருகில் நிற்கும் கணக்கு. அங்கும் ஒரே குவியல்தான்: ஒரு நாட்டின் சந்தாப் பணமும் விளம்பரப் பணமும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, மொத்த ஒலிப்புகளில் யாருக்கு எத்தனை என்ற விகிதத்தில் பிரிக்கப்படுகின்றன. நான் கட்டும் சந்தா நான் கேட்ட லேபிளுக்கே போவதில்லை. மாதம் முழுவதும் ஒரே ஒரு டெக்னோ லேபிளை மட்டும் கேட்டிருந்தாலும், என் பணத்தின் மிகப்பெரும் பகுதி அந்த மாதம் அதிகம் ஒலித்த திரைப்பாடல்களுக்குத்தான் சேரும். அந்தக் குவியலும் நாட்டுக்கு நாடு வேறு. 2019-ல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். அதே சேவை அமெரிக்காவில் 9.99 டாலர். கோயம்புத்தூரில் ஆயிரம் பேர் கேட்பதைவிட பெர்லினில் ஆயிரம் பேர் கேட்பது பல மடங்கு லாபம் என்னும்போது, நம் லேபிள்கள் உள்ளூர்க் காதுகளை விட்டு வெளியூரைப் பார்ப்பதைக் குறைசொல்ல முடியாது.

எல்லாச் சிறு லேபிளுக்கும் பொதுவான இந்த அடி, மின்னணு இசை லேபிளின் மேல் மட்டும் கூடுதலாக விழுகிறது. முப்பது நொடி ஓடினால் ஓர் ஒலிப்பு. அதற்குமேல் எவ்வளவு ஓடினாலும் அதே ஓர் ஒலிப்புதான். ஒரு மணி நேரத்தில் எட்டு நிமிட டெக்னோ டிராக் ஏழெட்டு முறை ஓடும்; இரண்டரை நிமிடப் பாடல் 24 முறை ஓடும். ரசிகர் கொடுத்த நேரம் ஒன்றே, கூலி மூன்றில் ஒன்று. மெதுவாக அடுக்கு அடுக்காக ஏறி, ஐந்தாவது நிமிடத்தில் பேஸ் வந்து விழும் ஒரு வடிவத்துக்கு இதைவிடப் பொருந்தாத அளவுகோலை யோசித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. டிராக்குகள் ஆண்டுக்கு ஆண்டு குறுகிவருவதற்கு ரசனையை மட்டும் காரணம் காட்டுவது தவறு.

2024-ல் வந்த இன்னொரு விதி இன்னும் கொடியது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் ஒலிப்பைத் தொடாத டிராக்குக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டியே கிடையாது; அந்தப் பணம் தொட்டவர்களுக்குப் போகிறது. மின்னணு இசை வெளியீடு எப்படி அமைகிறது என்று பாருங்கள். ஒரு மூல டிராக், அதற்கு மூன்று ரீமிக்ஸ், சில வேளை ஒரு டப் வடிவம். கேட்பவர்கள் அந்த வடிவங்களுக்கிடையே பிரிகிறார்கள். அப்படிப் பிரிவதுதான் இந்த இசையின் உயிர். நாற்பது டிராக் வைத்திருக்கும் லேபிளில் ஒவ்வொன்றும் 900 முறை ஒலித்தால் மொத்தம் 36,000. வருமானம் பூஜ்யம். அதே 36,000-ஐ ஒரே பாட்டில் பெற்றவருக்கு முழுக் கூலி. கொள்முதல் நிலையத்தில்கூட, சாக்கு நிறையவில்லை என்று சொல்லி இலையை இலவசமாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த இசை உண்மையில் வாழுமிடமான நடனக் கூடத்தில் நிலைமை வேறு விதம். டிஜே எந்த டிராக்கை ஒலித்தார் என்ற பட்டியல் பெரும்பாலும் எங்கும் பதிவாவதில்லை. கூடம் உரிமக் கட்டணம் கட்டினாலும், பதிவில்லாத இடத்தில் பணம் தெரிந்த பெயர்களை நோக்கித்தான் ஒழுகும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1986-ல் ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ படங்களில் இளையராஜாவும், 1992-ல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரஹ்மானும் மின்னணு ஒலியைக் கடைக்கோடிக் கிராமத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆகவே நம் காதுக்கு இது அந்நிய ஒலி என்பது பொருந்தாத வாதம். ஒலி வந்தது, லேபிள் என்ற பழக்கம் வரவில்லை. பாட்டைப் படத்தின் பெயரால் தேடும் சமூகத்தில், படமில்லாத, பெரும்பாலும் பாடல்வரியுமில்லாத இசைக்குத் தேடுபொறியில் எழுத ஒரு சொல்கூட இல்லை. ‘மாஜா’ தளத்தின் வழியாக 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ படத்துக்கு வெளியிலும் பெருந்திரளை எட்ட முடியும் என்று காட்டியது. வருவாய் குறித்து 2024-ல் அங்கே எழுந்த பொதுத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் அவ்வளவு பெரிய வெற்றியிலேயே கணக்கு தெளிவாக இல்லையென்றால், 900 ஒலிப்புக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

குவியலுக்கு வெளியே ஒரு வழி உண்டு: பேண்ட்கேம்ப். ரசிகர் நேரடியாக வாங்குவார், தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு எடுத்துக்கொள்ளும், மீதியில் பணப்பரிமாற்றக் கட்டணம் போக எல்லாம் லேபிளுக்கு. 2020-ன் கொரோனா மாதங்களில் தன் பங்கையும் விட்டுக்கொடுத்த வெள்ளிக்கிழமைகளை அது தொடங்கியது. 2022-ல் வீடியோ விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸ் அதை வாங்கியது. 2023-ல் இசை உரிம நிறுவனமான சாங்டிரேடருக்குக் கைமாறியது. ஊழியர்களில் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். இந்திய லேபிள்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. அத்தளம் பணம் தரும் வழி பேபால். அதுவோ 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. சிறு லேபிளின் ஒரே நேர்வழி, அதன் கையில் இல்லாத இரண்டு நிறுவனங்களின் முடிவுகளில் தொங்குகிறது.

இசைக்கலைஞரே நேரடியாகப் பதிவேற்றலாமே, லேபிள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரலாறே பதில். மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் ரோலண்டு டிபி-303, டிஆர்-808 கருவிகளில் பத்து ராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பெரிய நிறுவனத்தின் வெளியீடு, விற்கவில்லை, மறக்கப்பட்டது. 2010-ல் நெதர்லாந்தின் பாம்பே கனெக்ஷன் என்ற சிறு லேபிள் மறுவெளியீடு செய்த பிறகுதான், சிகாகோவின் ஆசிட் ஹவுஸுக்கு முன்பே அந்த ஒலியை மும்பையில் ஒருவர் எட்டியிருந்தார் என்பதை உலகம் பேசியது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் என்ற மின்னணு இசைக்கருவியை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்டோர் அங்கே பதிந்த நாடாக்களைப் பிரிட்டன் கலைஞர் பால் பர்காஸ் தேடியெடுத்து, 2023-ல்தான் அவை தொகுப்பாக வந்தன. தேர்ந்தெடுப்பது, விவரம் எழுதுவது, விற்காதபோதும் கைவிடாமல் வைத்திருப்பது: இவற்றைப் பதிவேற்றப் பொத்தான் செய்யாது. நம்மிடையே அந்த வேலைக்கு ஆள் இல்லாததால்தான் நம் இசை வரலாற்றை வெளிநாட்டவர் தோண்டியெடுக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

கூட்டுறவு தீர்வாகுமா? நீலகிரி இதற்கும் பாடம் வைத்திருக்கிறது. 1965-ல் உருவான இண்ட்கோசர்வ் கூட்டமைப்பின் 16 தொழிற்சாலைகளுக்குச் சுமார் 30,000 சிறு விவசாயிகள் இலை தருகிறார்கள். அது இல்லையென்றால் அவர்கள் பாடு இன்னும் மோசமாகியிருக்கும். ஆனாலும் 2023-ல் அவர்கள் விலை கேட்டு உண்ணாவிரதம் இருக்க நேர்ந்தது. ஒன்றுசேர்ந்தார்கள், சராசரி அப்படியே இருந்தது. சுயாதீன லேபிள்களுக்காக உரிமம் பேசும் மெர்லின் 2008 முதல் இயங்குகிறது. அதுவும் குவியலில் நல்ல பங்கு கேட்கிறதே ஒழிய, குவியலின் விதியை மாற்றவில்லை.

ஆகவே கேட்க வேண்டியது வேறு. ஆயிரம் என்ற வரம்பு இருந்தே தீர வேண்டுமென்றால் அதை டிராக்குக்கு வைக்காமல் லேபிளின் மொத்தக் கணக்குக்கு வைக்க வேண்டும். சவுண்ட்கிளவுட் 2021 முதல் சுயாதீனக் கலைஞர்களுக்குச் செய்வதுபோல, ஒரு ரசிகரின் பணம் அவர் கேட்டவருக்கே போக வேண்டும். ஒலிப்பின் எண்ணிக்கையோடு கேட்ட நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நேரத்தை அளவுகோலாக்கினால் மழைச் சத்தத்தை மணிக்கணக்கில் ஓடவிடுபவர்கள் லாபம் பார்ப்பார்கள் என்ற மறுப்பு வலுவானது. 2025 செப்டம்பரில் தன் தளத்துக்கு அன்றாடம் வரும் டிராக்குகளில் 28 விழுக்காடு முழுக்க செயற்கை நுண்ணறிவின் ஆக்கம் என்று ஸ்ட்ரீமிங் நிறுவனமான டீசர் அறிவித்ததோடு சேர்த்துப் பார்த்தால் அந்த அச்சம் இன்னும் கூடும். ஆனால் இரைச்சல் டிராக்குகள் ராயல்டி பெற வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு நிமிடம் இருக்க வேண்டும் என்று ஸ்பாட்டிஃபை 2024-ல் தானே விதி வகுத்தது. எது இசை, எது இரைச்சல் என்று பிரிக்கவும், நேரத்தை வைத்துக் கூலியை மாற்றவும் அந்த நிறுவனத்தால் முடியும் என்பதற்கு அதன் சொந்த விதியே சான்று.