பிஷர், ஜான் ஆர்பத்நாட் (1841–1920)

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. டிரெட்னாட் போர்க்கப்பலைக் கொண்டுவந்தவர். நெல்சனுக்குப் பின் அந்தக் கடற்படையில் இவரளவு பேசப்பட்ட அட்மிரல் இல்லை. ஆனால் ஒரு கப்பற்படைக்குத் தலைமையேற்று இவர் கடற்போர் புரிந்ததே கிடையாது. இவர் புகழெல்லாம் பீரங்கிப் பள்ளியிலும் கப்பல் பட்டறையிலும் அலுவலக மேசையிலும் சேர்ந்தது.

1841 ஜனவரி 25-இல் இலங்கையின் மலைநாட்டில், நுவரெலியாவுக்குப் போகும் வழியிலுள்ள ரம்பொடையில் பிறந்தார். தந்தை வில்லியம் பிஷர் தரைப்படைக் கேப்டன்; பின்னர் காப்பித் தோட்டம் போட்டுக் கடன்பட்டார். ஆறு வயதில் ஜான் லண்டனிலிருந்த தாய்வழிப் பாட்டனார் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1854 ஜூலையில், 13 வயதில், போர்ட்ஸ்மத்தில் நெல்சனின் பழைய கப்பலான விக்டரியில் பெயர் பதிந்தார். நுழைவுத் தேர்வை அவரே பிற்காலத்தில் விவரித்திருக்கிறார்: கிறிஸ்தவர் சொல்லும் பரமண்டல ஜெபத்தை எழுதிக் காட்டினார், உடுப்பில்லாமல் ஒரு நாற்காலியைத் தாண்டச் சொன்னார் மருத்துவர், தாண்டினார், ஒரு கிளாஸ் ஷெர்ரி கொடுத்தார்கள். தேர்வு முடிந்தது. முதலில் பணியாற்றிய கல்கத்தா, நீராவி இயந்திரமே இல்லாத பாய்மரக் கப்பல். கிரிமியப் போரின்போது பால்டிக் கடலிலும், 1859-இல் சீனாவின் தாக்கூ கோட்டைத் தாக்குதலிலும் இருந்தார்.

1863-இல் இரும்புக் கவசக் கப்பலான வாரியரில் பீரங்கி அதிகாரியானார். போர்ட்ஸ்மத்தின் எக்ஸலண்ட் பீரங்கிப் பள்ளியில் பலமுறை பணியாற்றினார். டார்ப்பிடோவை ஒரு விளையாட்டுப் பொருளாக மூத்தவர்கள் கருதிய நாளில், வெர்னன் டார்ப்பிடோப் பள்ளி உருவாகக் காரணமாக இருந்தார். 1881-இல் இன்ஃப்ளெக்சிபிள் கப்பலின் கேப்டன். ஒவ்வொன்றும் 80 டன் எடையுள்ள நான்கு 16 அங்குலப் பீரங்கிகள் அதில் இருந்தன. குண்டு போட வேண்டுமானால் பீரங்கியின் வாயைத் தளத்தை நோக்கித் தாழ்த்தி, கீழிருந்து திணிக்க வேண்டும். 1882 ஜூலை 11-இல் அலெக்சாந்திரியா மீது இந்தப் பீரங்கிகள் சுட்டன. பின் கரையிறங்கி, ரயில் வண்டிக்கு இரும்புத் தகடு அடித்துப் பீரங்கி ஏற்றி, எதிரியை வேவு பார்க்க ஓட்டினார். வயிற்றுக்கடுப்பால் நாடு திரும்ப நேர்ந்தது.

1892 முதல் கப்பல் கட்டுமானத்துக்குப் பொறுப்பேற்று, டார்ப்பிடோப் படகுகளை விரட்டும் நாசகாரிக் கப்பல்களையும் நீர்க்குழாய்க் கொதிகலன்களையும் புகுத்தினார். 1899-இல் ஹேக் சமாதான மாநாட்டுக்குப் போனார்; அதே ஆண்டில் மத்தியதரைக் கடற்படைத் தலைவரானார். 1902-இல் வந்த பயிற்சித் திட்டம் பொறியியல் அதிகாரிகளையும் மற்ற அதிகாரிகளையும் ஒரே வாசல் வழியே சேர்த்தது. எஞ்சின் அறைக்காரர்களை உடன் உட்காரவைக்கத் தயங்கிய ஒரு வர்க்கத்துக்கு இது கசந்தது.

1904 அக்டோபரில், கடற்படையின் தலைமை அதிகாரியான முதல் கடற்பிரபுவானார். போருக்கு உதவாத பழங்கலங்கள் சுமார் 150-ஐப் பட்டியலிலிருந்து நீக்கினார். டிரெட்னாட் 1905 அக்டோபர் 2-இல் போர்ட்ஸ்மத்தில் தொடங்கப்பட்டு, 1906 பிப்ரவரி 10-இல் மன்னர் ஏழாம் எட்வர்டால் நீரில் இறக்கப்பட்டு, அக்டோபரிலேயே வெள்ளோட்டத்துக்குச் சென்றது. அதற்கு முந்திய போர்க்கப்பல்களில் பெரும் பீரங்கிகள் நான்கே. இதில் பத்து, எல்லாம் 12 அங்குலம். பார்சன்ஸ் டர்பைன் மணிக்கு 21 கடல் மைல் வேகம் தந்தது. வேறு இரு கப்பல்களுக்கென வைத்திருந்த பீரங்கிகளை எடுத்ததால்தான் இந்த அவசரம் கைகூடியது. இத்தாலியப் பொறியாளர் குனிபர்த்தி 1903-இலேயே இப்படியொரு கப்பலைப் பற்றி எழுதியிருந்தார். அமெரிக்காவும் ஜப்பானும் அதே யோசனையில் இருந்தன. எனினும் மத்தியதரைக் கடற்படையில் இருந்தபோதே மால்டாவில் கட்டுமான வல்லுநர் கார்டுடன் பிஷர் இதைப் பேசத் தொடங்கிவிட்டதால், கரு அவருடையது என்றே கொள்ளலாம். ஜெர்மனி இதற்கு ஈடுகொடுக்கப் பெரிய கப்பல்கள் கட்டியதுடன், அவை செல்லக் கீல் கால்வாயையும் அகலப்படுத்த வேண்டியதாயிற்று.

குடிப்பெருமையும் நாடாளுமன்றச் செல்வாக்கும் கொண்ட அட்மிரல் பெரஸ்போர்டு இவரை ஓயாமல் தூற்றினார். பிஷரும் சாதுவல்ல; பெரஸ்போர்டின் கீழிருந்த பேகன் என்ற அதிகாரி தமக்குத் தனிமுறையில் எழுதிய கடிதங்களை அச்சிட்டுச் சுற்றுக்கு விட்டிருந்தார். பெரஸ்போர்டின் குற்றச்சாட்டுகள் மீதான 1909 விசாரணை இவரைப் பெரும்பாலும் ஆதரித்தாலும், அவ்வாண்டே கில்வர்ஸ்டன் பிரபுப் பட்டம் பெற்று, 1910 ஜனவரியில் விலகினார்.

முதல் உலகப்போர் தொடங்கியபின், 1914 அக்டோபர் இறுதியில், 73 வயதிலிருந்த இவரைக் கடற்படை அமைச்சர் சர்ச்சில் மீண்டும் அதே பதவிக்கு அழைத்தார். நவம்பர் 1-இல் சிலிக்கு அப்பால் கொரொனெல் அருகே ஜெர்மன் தளபதி ஷ்பே இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்தார். இன்வின்சிபிள், இன்ஃப்ளெக்சிபிள் (பழையதன் பெயர் கொண்ட புதிய கப்பல்) என்ற இரு போர்க்குரூசர்களைப் பிஷர் தெற்கே அனுப்பினார்; வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்த இந்தக் கப்பல் வகையும் அவர் கொண்டுவந்ததே. கொதிகலன் செங்கல் வேலை பாக்கி என்று டெவன்போர்ட் பட்டறை சொன்னபோது, குறித்த நாளில் கிளம்பட்டும், வேண்டுமானால் வேலையாட்களையும் ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று ஆணை போயிற்று. டிசம்பர் 8-இல் ஃபாக்லாந்து அருகே ஷ்பேயின் படை அழிந்தது. 1916-இல் ஜட்லந்தில் இன்வின்சிபிள் உட்பட மூன்று போர்க்குரூசர்கள் வெடித்ததற்கு மெல்லிய கவசத்தைச் சொல்லிப் பிஷரைக் குறைகூறுவர். வெடிமருந்தைக் கையாண்டதில் இருந்த அலட்சியமே பெருங்காரணம்.

துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையைக் கைப்பற்றும் முயற்சியில் சர்ச்சிலுடன் முரண்பட்டு 1915 மே 15-இல் பதவி துறந்தார். 1920 ஜூலை 10-இல் லண்டனில் இறந்தார். இவருடைய தாள்கள் இன்று கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரியில் உள்ளன.