பாகு முந்தியது, விஸ்கி பிந்தியது

மாயாற்றங்கரையில் தெப்பக்காட்டில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மசினகுடி வழியாகக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஊட்டியை அடையும். மற்றொன்று கூடலூர், நடுவட்டம் என்று சுற்றிக்கொண்டு அதே ஊருக்குப் போகும். எந்த வழியானாலும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம்தான். அந்த ஏற்றத்தில் பழங்களும் மாறிவிடுகின்றன. கீழே முதுமலைக் காட்டில் நெல்லி, மேலே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிளம்ஸ், பீச், பேரி. மலைச்சரிவுகளில் தவிட்டுப் பழமும் விக்கிப் பழமும் கிடைக்கும்.

மே, ஜூன் மாதங்களில் குன்னூரில் பிளம்ஸ் சீசன். பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, எடைக்கு எடை சர்க்கரை போட்டுச் சிறு தீயில் வைத்தால் அது தன் நீரை விட்டுத் தானே கரையும். மெல்லிய துணியில் வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, ஆறியதும் பாட்டிலில் ஊற்றினால் கருஞ்சிவப்பில் பாகு தயார். அதில் இரண்டு மேசைக்கரண்டி, 60 மில்லி விஸ்கி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஐஸ், மேலே சோடா. மலையின் கோடைக் குவளை இவ்வளவுதான். எண்ணினால் ஐந்து பொருள்கள்.

இந்த ஐந்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1632இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர், சோழமண்டலக் கடற்கரையில் இருந்த ஒரு வணிகருக்கு எழுதிய கடிதத்தில்தான் ‘பஞ்ச்’ என்ற பானத்தின் பெயர் முதன்முதலாக எழுத்தில் காணப்படுகிறது. 1670களில் இந்தியாவில் இருந்த மருத்துவர் ஜான் ஃப்ரையர், ஐந்து பொருள்கள் சேர்வதால் ‘ஐந்து’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லே அதற்குப் பெயரானது என்று விளக்கினார். இதை மறுக்கும் மொழியறிஞர்களும் உண்டு. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்பதே பின்னாளில் எல்லோரும் சொன்ன கணக்கு. அன்றைய சாராயம் தென்னங்கள் போன்றவற்றிலிருந்து வடித்தது. அந்தக் குவளையில் விஸ்கிக்கு இடமே இல்லை.

தமிழருக்கு இந்தக் கணக்கு புதிதன்று. பழநியின் பஞ்சாமிர்தம் மலை வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் சேர்ந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் சேர்ப்பதில்லை. சர்க்கரை பழத்தின் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமி வளர வழியில்லை. அதனால்தான் அது கெடாமல் நிற்கிறது. பிளம்ஸ் பாகு நிற்பதும் இதே விதியால்தான். தெப்பக்காட்டைச் சுற்றி வாழும் காட்டுநாயக்கர்களும் குறும்பர்களும் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுப்பவர்கள். நெல்லியைத் தேனில் ஊறவைக்கும் தமிழ்நாட்டு வழக்கத்தையும் பாகின் மூத்த உறவாகவே கொள்ளவேண்டும். அரபியில் குடிப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல்தான் நம் தெருவில் நன்னாரி சர்பத் ஆனது. ஆங்கிலேயரின் ‘சிரப்’பும் அதே வேரில் கிளைத்தது.

மலைக்கு அயல்நாட்டுப் பழம் ஏறியது 19ஆம் நூற்றாண்டில். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு வந்தார். ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி முதலியவற்றை அங்கே கொண்டுவந்தவர் அவர். குன்னூர் மலைப்பாதையின் பர்லியாற்றில் மங்குஸ்தான் வளர்ந்தது. 1920இல் குன்னூரில் அரசின் பழ ஆராய்ச்சி நிலையம் வந்தது. தோட்டக்கலைத் துறையின் ஜாமும் ஸ்குவாஷும் இன்றும் அந்த ஊரில் விற்பனையாகின்றன.

விஸ்கியின் கதை வேறு. வெள்ளைக்காரர்கள் நெடுங்காலம் இங்கே குடித்தது பிராந்திதான். தண்ணீரோடு சேர்ந்தால் அது ‘பிராந்தி பானி’. 1860களிலிருந்து ஃபிலாக்செரா என்னும் பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. பிராந்திக்குப் பஞ்சம் வர, அந்த வெற்றிடத்தில் ஸ்காட்லாந்து விஸ்கி புகுந்தது. குவளைக்குள் ஐஸ் விழுந்ததும் அந்த நூற்றாண்டில்தான். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி வந்தது. அதைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடம் சென்னைக் கடற்கரையில் இன்றும் இருக்கிறது. 1897இல் விவேகானந்தர் தங்கிய அந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

சுதந்திரத்துக்குப் பிறகு குவளையில் மது வற்றியது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971 வரை பெர்மிட் இல்லாதவருக்கு விஸ்கி இல்லை. பாகுக்கு எந்தத் தடையும் வரவில்லை. மாறாக, 1955இல் வந்த பழப்பொருள் ஆணை அதற்கு இலக்கணமே வகுத்தது: பழப்பாகு என்றால் குறைந்தது 25 விழுக்காடு சாறு, 65 விழுக்காடு கரைந்த திடப்பொருள், ஸ்குவாஷ் என்றால் சாறு அதே அளவு, திடப்பொருள் 40.

இந்திய விஸ்கியில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயம் கலந்தது. அதற்கே ஓர் இனிப்பு வாடை உண்டு. எனவே புளிப்பில்லாத பாகு அதற்குப் பொருந்தாது. தோலோடு காய்ச்சிய பிளம்ஸ் சரியான இணை. பேஷன் ஃப்ரூட்டும் அப்படியே. மங்குஸ்தானைப் பாகாக்கி விஸ்கியில் விடுவது அந்த நல்ல பழத்துக்குச் செய்யும் அநியாயம். அதன் மென்மணம் மூழ்கிவிடும்.

பாகை வீட்டில் காய்ச்சிவிடலாம். விஸ்கி பாட்டிலில்தான் வரும், அந்த பாட்டில் வேறொரு வரலாற்றைத் தொடங்கிவைத்தது. காட்டோரம் வீசப்பட்ட கண்ணாடித் துண்டுகள் யானைகளின் பாதத்தைக் கிழித்தன. கும்கி யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் வெல்லமும் உருண்டை பிடித்து ஊட்டும் தெப்பக்காடு யானை முகாமுக்கு, யானையின் பாதம் எவ்வளவு மென்மையானது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றத்தின் யோசனைப்படி, 2022 மே மாதம் முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கைக்கு வரும். மலையில் தொடங்கிய இந்தத் திட்டம் பின்னர் சமவெளி மாவட்டங்களுக்கும் இறங்கியது. கோடையில் பிளம்ஸ் பாகு காய்ச்சும் வீடுகளில் இப்போது இரண்டு வகை பாட்டில்கள் சேர்கின்றன: ஒன்று அடுத்த சீசனுக்காகக் கழுவிக் காயவைத்தது, மற்றது கடைக்குத் திரும்ப வேண்டியது.